எலெக்ட்ரிக் கிட்டார் கட்டியாயிற்று, ஆனால் சரியில்லை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

இங்கே வரும் அளவுகள், நெக்கை நாலு ஸ்க்ரூவால் பாடியோடு பிணைக்கும் கிட்டாருக்கானவை: டெலிகாஸ்டர் அல்லது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், 648 மி.மீ. (25½ அங்குலம்) ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 21 அல்லது 22 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்). வீட்டில் முதல் கிட்டார் கட்டுகிறவர்கள் இதையே எடுப்பது நல்லது. ஒட்டிய நெக்கில் கோணம் அரை டிகிரி தப்பினால் ஆவி காட்டிப் பிரிக்க வேண்டியிருக்கும். இதில் திருப்புளி போதும். 1950இல் லியோ ஃபெண்டரின் கம்பெனி இந்த அமைப்பைக் கடைக்குக் கொண்டுவந்தபோது பழுதான நெக்கைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம் என்ற வசதியும் கூடவே வந்தது. நாம் செய்யும் பாதித் தப்புகளுக்கு அந்த வசதிதான் மருந்து.

கையில் இருக்க வேண்டியவை: 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், கேப்போ (கம்பிகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), ட்யூனர், மல்டிமீட்டர், டிரஸ் ராடுக்குப் (நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் தண்டு) பொருந்தும் ஆலன் கீ. ஃபீலர் கேஜ் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. 10 நம்பர் கம்பி செட்டின் முதல் கம்பி, ஆறில் மிக மெல்லியது, 0.25 மி.மீ. கனம், மாட்டியபின் வெட்டும் துண்டை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரில் போடும் சாதாரண காகிதம் 0.1 மி.மீ. இந்த இரண்டையும் வைத்தே நெக் வேலை முழுவதையும் அளந்துவிடலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் புதுக் கம்பி போட்டு, சரியான சுருதிக்கு ஏற்றிய பிறகே அளவெடுங்கள். பார்க்கும் வரிசை: நெக் வளைவு, நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளமுள்ள துண்டு), சேடில் (மறுமுனையில் பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் துண்டு) உயரம், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) உயரம், சேடிலின் முன்பின் நகர்வு. அரமும் உப்புத்தாளும் அதற்குப் பிறகுதான்.

## கம்பி ஃப்ரெட்டில் மோதி ‘ஜர்ர்’ என்கிறது

முதலில் ஆம்ப்பில் செருகிக் கேளுங்கள். கையில் வாசிக்கும்போது மட்டும் கேட்டு, ஆம்ப்பில் கேட்கவில்லையென்றால் அது தாழ்ந்த ஆக்‌ஷனின் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) இயல்பு. அதை விரட்டிக்கொண்டு போய் ஃப்ரெட்டைக் கெடுத்தவர்கள் நிறைய.

ஆம்ப்பிலும் கேட்டால் எந்த இடத்தில் என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

விரல் வைக்காத கம்பியில் மட்டும் வந்து, ஒன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தியதும் போய்விடுகிறதா? நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே கம்பியை அழுத்திக்கொண்டு, ஒன்றாம் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முதல் கம்பிக்கு ஒரு காகிதம் நுழைய வேண்டும், ஆறாவதுக்கு இரண்டு. கம்பி ஃப்ரெட்டில் படிந்தே கிடந்தால் நட் போயிற்று. பள்ளத்தில் ஆப்ப சோடாவை நிரப்பி, ஃபெவிக்விக் போன்ற நீர்த்த பசை ஒரு துளி விட்டால் கல்லாக இறுகும். மறுபடி பள்ளம் எடுக்கலாம். சில மாதம் தாங்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் எலும்பில் புது நட்.

ஒன்று முதல் ஐந்தாம் ஃப்ரெட் வரை இரைந்தால் நெக் நேராகவோ பின்னோக்கியோ வளைந்திருக்கிறது. ஒன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, கடைசி ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்துங்கள். இழுத்துப் பிடித்த கம்பி இப்போது மட்டப்பலகை மாதிரி. ஏழு, எட்டாம் ஃப்ரெட்டின் மேல் அந்த முதல் கம்பித் துண்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் டிரஸ் ராடை இடஞ்சுழியாகக் கால் திருப்பு தளர்த்துங்கள். தாராளமாக ஆடினால் வலஞ்சுழியாகக் கால் திருப்பு இறுக்குங்கள். மறுபடி சுருதி சேர்த்து அளந்த பிறகே அடுத்த கால் திருப்பு. மரம் உடனே முழுதும் அசைந்துவிடாது, மறுநாளும் ஒருமுறை பார்க்க வேண்டும். ராடை இறுக்க இறுக்க நெக் எதிர்ப்பக்கமாகப் போகிறதென்றால், இருபக்கமும் வேலை செய்யும் ராடைக் கட்டும்போது தலைகீழாகப் பதித்திருக்கிறீர்கள். பிரிக்கத் தேவையில்லை. எதிர்த்திசையில் திருப்பினால் வேலை முடிந்தது. நெக்கின் அடியில் பென்சிலால் எழுதி மட்டும் வையுங்கள்.

எல்லா ஃப்ரெட்டிலும் ஒரே மாதிரி இரைந்தால் சேடில் தாழ்ந்திருக்கிறது. 12ஆம் ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை முதல் கம்பிக்கு 1.6 மி.மீ., ஆறாவதுக்கு 2 மி.மீ. என்று தொடங்குங்கள். அதற்குக் கீழே இறக்க ஃப்ரெட் மட்டம் ரொம்பச் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு சுரத்தில் மட்டும் வந்தால்? ஏழாம் ஃப்ரெட்டில் அழுத்தும்போது இரைகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் எட்டு. ஸ்டீல் ஸ்கேலின் நேர் விளிம்பை மூன்று ஃப்ரெட்டைத் தொடும் நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டு 7, 8, 9 மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் நடுவில் இருப்பது உயரம். இதை ஒவ்வொரு கம்பிக்கும் கீழே தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரு ஃப்ரெட் ஒரு ஓரத்தில் மட்டும் எழும்பி நிற்பது சகஜம்.

உயரமான ஃப்ரெட்டை உடனே ராவிவிடாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அதன்மேல் லேசாகத் தட்டுங்கள். நன்றாக உட்கார்ந்த ஃப்ரெட் ‘டிக்’ என்று கணீரென்று சொல்லும். தூக்கிக்கொண்டது ‘தொப்’ என்று மழுங்கலாகச் சொல்லும். தூக்கிக்கொண்டதை ராவி மட்டமாக்கினால், நாளைக்கு அது உட்காரும்போது பள்ளமாகிவிடும். இருபுறமும் மரத்தில் மெழுகு தேய்த்து, ஃப்ரெட்டின் அடியில் நீர்த்த பசையை ஊற விட்டு, மரக்கட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு அரைமணி நேரம் விடுங்கள்.

பல ஃப்ரெட் இப்படித் தூக்கினால் பிசகு வாளில்தான். ஃப்ரெட்டின் கால் சுமார் 0.5 மி.மீ. கனம், அதற்கான பிளவு 0.6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடால் பிளவு போட்டால், பல்லின் விரிப்பால் 0.8 மி.மீ.க்கு மேல் போய்விடும், கால் பிடிக்காது. அந்த ஃப்ரெட்போர்டை வைத்துக்கொண்டு போராடுவதைவிட, ஒவ்வொரு ஃப்ரெட்டையும் எடுத்து எபாக்ஸி விட்டு மறுபடி பதிப்பது சீக்கிரம் முடியும்.

எல்லாம் உறுதியாக உட்கார்ந்தும் உயரம் மாறினால்தான் மட்டம் தட்டும் வேலை. கம்பியைக் கழற்றி, டிரஸ் ராடைத் திருப்பி நெக்கைத் துல்லியமாக நேராக்குங்கள். எல்லா ஃப்ரெட்டின் தலையிலும் மார்க்கர் பூசுங்கள். நேர் அலுமினியப் பட்டையில் 320 உப்புத்தாள் ஒட்டி, நெக்கின் நீளவாக்கில், கம்பிகள் போகும் அதே வழியில் தேயுங்கள். எல்லாத் தலையிலும் மை ஒரு கீற்றாவது அழிந்த கணத்தில் நிறுத்திவிடுங்கள். பிறகு தட்டையான தலைகளை அரைவட்ட அரத்தால் மறுபடி உருட்டி, 600, 1000, 2000 என்று மெருகேற்ற வேண்டும். உருட்டாமல் விட்டால் கம்பி தட்டைத் தலையின் முன்விளிம்பில் படாமல் பரப்பில் படுத்து, சிதார் மாதிரி ஒரு இரைச்சல் வரும். புதிதாக வந்த இரைச்சல் என்று ஏமாந்து மறுபடி தேய்ப்பவர்கள் உண்டு.

15ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் மட்டும் இரைகிறது, கம்பியை வளைத்தால் ஒலி செத்துப்போகிறது என்றால், நெக் பாடியில் உட்காரும் இடத்தில் ஃப்ரெட்போர்டு மேலெழும்பியிருக்கிறது. காரணம் அடுத்த பகுதியில்.

## சேடிலை அடிவரை இறக்கியும் ஆக்‌ஷன் குறையவில்லை

நெக் மாட்டும் பொந்தின் ஆழம் 16 மி.மீ., நெக்கின் அடிக் கனம் 25.4 மி.மீ. மாட்டியபின் ஃப்ரெட்போர்டின் மேல்தளம் பாடிக்கு சுமார் 9.5 மி.மீ. மேலே நிற்க வேண்டும். 8 என்று வந்தால் ரூட்டர் 1.5 மி.மீ. ஆழமாகப் போயிருக்கிறது. அதே கனத்தில் கெட்டி மர வெனீரைப் பொந்து முழுதும் விரித்து ஒட்டினால் தீர்ந்தது. சேடிலை உச்சிவரை ஏற்றியும் கம்பி இரைந்தால் இதன் மறுபக்கம்: பொந்து ஆழம் போதவில்லை.

உயரம் சரியாக இருந்தும் தீரவில்லையென்றால் சாய்வு வேண்டும். பொந்தின் பிரிட்ஜ் பக்க முனையில் ஷிம் (மெல்லிய முட்டு) வைத்தால் தலைப்பக்கம் பின்னால் சாயும். எவ்வளவு கனம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பொந்து 76 மி.மீ. நீளம்; அதன் வாய் 16ஆம் ஃப்ரெட்டருகே, அங்கிருந்து சேடில் 257 மி.மீ. தூரம். 257ஐ 76ஆல் வகுத்தால் 3.4. ஆக 0.5 மி.மீ. ஷிம் வைத்தால் சேடில் இருக்கும் இடத்தில் 1.7 மி.மீ. கிடைக்கும், 12ஆம் ஃப்ரெட்டில் ஆக்‌ஷன் அதில் பாதி குறையும்.

விசிட்டிங் கார்டை மடித்து முனையில் செருகுவது பழைய பழக்கம். சோதித்துப் பார்க்க மட்டும் அது போதும். முனையில் மட்டும் முட்டுக் கொடுத்துவிட்டு நடுவை அந்தரத்தில் விட்டால், ஸ்க்ரூ இழுக்கிற இழுப்பில் நெக்கின் அடி நாளடைவில் வளைந்து, மேலே சொன்ன 15ஆம் ஃப்ரெட் மேட்டைக் கொண்டுவரும். கனம் எவ்வளவு என்று கார்டில் கண்டுபிடித்ததும், பொந்தின் முழு நீளத்துக்கும் ஆப்பு மாதிரி சரிவாக இழைத்த மரத்துண்டை வையுங்கள்.

ஷிம் வெட்டுமுன் இன்னொன்று பாருங்கள். நெக்குக்கும் பொந்துக்கும் நடுவே காகிதம் நுழைகிறதா? நுழைந்தால் ஸ்க்ரூ பாடியிலும் மரை கடித்திருக்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் நெக் கீழே இறங்காது. ஸ்க்ரூ பாடியின் துளையில் கையால் தள்ளினாலே போக வேண்டும். 4.2 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பாடியில் 4.5 மி.மீ. துளை, மேப்பிள் நெக்கில் 3.2 மி.மீ. துளை. நெக்கில் முறுக்குமுன் மரையில் சோப்போ மெழுகோ தடவாவிட்டால், கெட்டி மேப்பிளில் ஸ்க்ரூ தலை அறுந்து உள்ளேயே தங்கிவிடும்.

டியூன்-ஓ-மேட்டிக் வகை பிரிட்ஜைத் தட்டையான பாடியில் வைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்தே தீரும். அது நெக் பின்சாய்ந்த கிட்டாருக்கான உயரம். ஒன்று ஆப்பு ஷிம், இல்லையென்றால் பிரிட்ஜைப் பாடிக்குள் பள்ளம் எடுத்து இறக்குவது.

## சுருதி மேலே போகப் போகச் சேரவில்லை

முதலில் பிக்கப்பை இறக்குங்கள். சிங்கிள் காயிலின் (ஒரே சுருள் கொண்ட பிக்கப்) காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் தடித்த கம்பிகள் அலைபாயும், ட்யூனர் முள் நிற்காது. கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி அளக்கும்போது ஆறாவது கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 2 மி.மீ. இடைவெளி.

இப்போது 12ஆம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அதே இடத்தில் அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள்; இறங்கியிருந்தால் முன்னால். சேடிலுக்கு நகர இடமே இல்லையென்றால் பிரிட்ஜை இடம் தப்பி வைத்திருக்கிறீர்கள். நட்டின் விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் நடுவரை அளங்கள்: 324 மி.மீ. வர வேண்டும். 314 வந்தால் வாங்கிய நெக் வேறு ஸ்கேல். 648க்குத் துளைத்த பாடியில் அது எந்தக் காலத்திலும் சேராது.

324 சரியென்றால் பிரிட்ஜைக் கழற்றி, பழைய துளைகளில் மூங்கில் குச்சியைப் பசையோடு அடித்து அடைத்து, மட்டமாக வெட்டி, புதிதாகத் துளையுங்கள். முதல் கம்பியின் சேடிலைக் கிட்டத்தட்ட முழுதும் முன்னால் கொண்டுவந்து, அந்த நிலையில் அது நட்டிலிருந்து 648இல் நிற்குமாறு பிரிட்ஜை வைக்க வேண்டும். கம்பிகளெல்லாம் அங்கிருந்து பின்னால்தான் போகும். ஆறாவது முதல் கம்பியைவிட 3 மி.மீ. அளவுக்குப் பின்தங்கும்.

12இல் கச்சிதமாகச் சேர்ந்தும், ஒன்று, இரண்டு, மூன்றாம் ஃப்ரெட்டுகளில் பிடிக்கும் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து வாசிப்பவை) மட்டும் ஏறிப்போகின்றனவா? சேடிலைத் தொடாதீர்கள். நட்டின் பள்ளம் உயரமாக இருக்கிறது; கம்பியைக் கீழே அழுத்தும் தூரம் அதிகமாகி அது இழுபடுகிறது. காஸ் வெல்டிங் நாசிலைக் குடையும் ஊசி அரங்கள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், நட் அரத்துக்கு அவை போதும். தலைப்பக்கம் சரிவாகச் சாய்த்து ராவுங்கள். கம்பி ஃப்ரெட்போர்டு பக்க விளிம்பில்தான் தொட வேண்டும். நாலு இழுப்புக்கு ஒருமுறை கம்பியைப் போட்டுக் காகிதத்தால் பாருங்கள். பள்ளம் சரியாக இருந்தும் ஏறினால், ஒன்றாம் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.4 மி.மீ.யில் இருக்கிறதா என்று அளங்கள். 37 இருந்தால் ஃப்ரெட்போர்டின் முனையை வெட்டியது தப்பு. நட்டை அந்த அளவுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும்.

## முதல் கம்பி ஃப்ரெட்டின் ஓரத்தில் வழுக்குகிறது

நெக் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. நாலு ஸ்க்ரூவையும் அரைத் திருப்பு தளர்த்தி, கம்பி இழுப்பில் இருக்கும்போதே தலையைப் பிடித்து எதிர்ப்பக்கம் தள்ளி, மறுபடி இறுக்குங்கள். பொந்தில் ஆட்டம் இருந்தால் ‘கிறுக்’ என்று அசைந்து கொடுக்கும், அதோடு சரி. அசையவில்லையென்றால் நெக்கின் துளைகளை அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும். அதற்கு முன் நூலை முதல் கம்பியின் வழியிலும் ஆறாவது கம்பியின் வழியிலும் கட்டிப் பார்த்து, இருபுறமும் ஓரத்துக்குச் சம தூரம் வரும் இடத்தில் கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

## சுருதி நிற்கமாட்டேன் என்கிறது

பலர் ட்யூனிங் மெஷினை மாற்றுகிறார்கள். பத்தில் எட்டுக்கு நட்தான் காரணம். சுருதி ஏற்றும்போது ‘டிங்’ என்று ஒரு துள்ளல் கேட்டால் கம்பி பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேயுங்கள். அதில் சரியானால் குற்றவாளி நட்தான்; பள்ளத்தை ஒரு மயிரிழை அகலமாக்குங்கள். தடித்த கம்பிகளுக்கு மெஷினில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். கீழிருந்து மேலே ஏற்றியே சுருதி சேர்க்க வேண்டும்.

## ஒலியே வரவில்லை

பாடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். கேபிளை கிட்டாரில் மட்டும் செருகி, வால்யூமை 10இல் வைத்து, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மீட்டரை வையுங்கள். சிங்கிள் காயில் 5.5 முதல் 7 கிலோ ஓம், சாதாரண ஹம்பக்கர் (இரண்டு சுருள் கொண்ட பிக்கப்) 7.5 முதல் 9 காட்ட வேண்டும்.

பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஷார்ட். முதல் சந்தேகம் ஜாக்கின் நீளத் தகடு: பிளக் செருகும்போது அது விரிந்து பொந்தில் ஒட்டிய செப்புத் தாளைத் தொடும். அதனால்தான் மேசைமேல் வேலை செய்தது உள்ளே போட்டதும் ஊமையாகிறது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். 250 அல்லது 500 கிலோ ஓம் காட்டினால், வால்யூம் பாட் (திருகி மாற்றும் மின்தடை) மட்டும் தெரிகிறது, பிக்கப் தெரியவில்லை. ஸ்விட்சுக்கும் பாட்டுக்கும் நடுவே வயர் விட்டிருக்கிறது. எந்த ரேஞ்சிலும் ஒன்றும் காட்டாவிட்டால் ஜாக்குக்கு வரும் வயர். நாலு வயர் ஹம்பக்கர் தன் அளவில் பாதி காட்டினால், இரண்டு காயிலையும் கோக்கும் ஜோடி வயர் எங்கோ எர்த்தில் பட்டுவிட்டது.

சால்டரிங் சரியாகப் பிடிக்காத இடம் பெரும்பாலும் பாட்டின் முதுகு. 25 வாட் இரும்பு அந்தத் தகட்டைச் சூடாக்கும் முன் பாட்டின் உள்ளே கார்பன் வெந்துவிடும். 60 வாட் எடுத்து, முதுகை உப்புத்தாளால் கீறி, மூன்று நாலு வினாடிக்குள் முடித்துவிடுங்கள். ஈயம் உருண்டையாக நிற்காமல் தண்ணீர் மாதிரி பரவ வேண்டும்.

வால்யூம் 10இலிருந்து 3 வரை ஒன்றும் ஆகாமல் திடீரென்று விழுந்தால் லீனியர் பாட் வாங்கியிருக்கிறீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ‘பி’ எழுத்து போட்டு வருவது அது. ‘ஏ’ கேளுங்கள். சிங்கிள் காயிலுக்கு 250, ஹம்பக்கருக்கு 500.

## இரைச்சல்

கம்பியில் கை வைத்துப் பாருங்கள். வைத்ததும் குறைந்தால் எர்த் சரி, செப்புத் தாள் மறைப்புப் போதவில்லை. கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. எதுவும் மாறாவிட்டால் பிரிட்ஜுக்கு எர்த் போகவில்லை: பிளக்கின் தண்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே மீட்டர் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். பிரிட்ஜின் அடியில் செருகிய வயரின் மேல் வார்னிஷ் ஊறியிருக்கும், சுரண்டிவிடுங்கள்.

கிட்டாரோடு நின்ற இடத்திலேயே திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் கூடி ஒரு திசையில் குறையும் ‘ம்ம்ம்’ என்ற அடித்தொனி, மின்மாற்றியின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம். செப்புத் தாள் எவ்வளவு ஒட்டினாலும் அது போகாது. அதற்காகத்தான் கிப்ஸன் கம்பெனியின் பொறியாளர் செத் லவர் இரண்டு காயில் பிக்கப்பை (ஹம்பக்கர்) உருவாக்கினார்; 1957இலிருந்து கிப்ஸன் கிட்டார்களில் வந்தது. ‘ஜிர்ர்’ என்ற கூர்மையான இரைச்சல் வேறு: எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், எல்.இ.டி. பல்பு, சார்ஜர். ஃபேனை நிறுத்தினால் தெரிந்துவிடும். செப்புத் தாள் இதற்குத்தான். துண்டுகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். ஒட்டுப்பசை மின்சாரம் கடத்தும் என்று நம்ப வேண்டாம்.

கம்பியைத் தொட்டதும் சுரீரென்றால் உடனே வாசிப்பதை நிறுத்துங்கள். கோளாறு கிட்டாரில் இல்லை. ஆம்ப்பிலோ, எர்த் இல்லாத பிளக் பாயிண்டிலோ இருக்கிறது. பிரிட்ஜ் எர்த்தை வெட்டிவிட்டால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது பின்னுக்கு எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

## தனித்தனியே நன்றாக இருக்கிறது, இரண்டு பிக்கப்பும் சேர்ந்தால் ஒல்லியாகிறது

எதிர் ஃபேஸ்: ஒன்றின் அலை மற்றதன் அலையை அழிக்கிறது. மீட்டரை 20 கிலோ ஓமில் ஒரு பிக்கப்பின் இரு வயரில் வைத்து, இரும்புத் திருப்புளியை அதன் காந்தத்தில் ‘டப்’பென்று ஒட்டுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். மற்றதிலும் அதே மீட்டர் முனைகளை அதே முறையில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், ஏதாவது ஒன்றின் வயர்களை மாற்றிப் போட வேண்டும். டெலிகாஸ்டர் நெக் பிக்கப்பில் மாற்றுமுன் கவனம்: உலோக மூடி எர்த் வயரோடு இணைந்திருக்கும். அப்படியே மாற்றினால் மூடி சிக்னல் போகும் பக்கத்துக்குப் போய் இரைச்சலை வாரிக் கொட்டும். மூடிக்குத் தனி எர்த் வயர் கொடுத்த பிறகே மாற்றுங்கள்.

## மேற்பூச்சு வெளுத்தது, ஃப்ரெட் முனை குத்துகிறது

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் மழைநாளில் அடித்தால் காற்றின் ஈரம் உள்ளே மாட்டி வெண்புகை மாதிரி படியும். உப்புத்தாள் போடாமல், காய்ந்த நாளாகப் பார்த்து ரிடார்டர் தின்னரை (மெதுவாகக் காயும் தின்னர்) மட்டும் மெல்லிய பனியாக அடியுங்கள். மேல்படலம் இளகி ஈரம் வெளியேறிவிடும்.

முதல் கோடையிலேயே ஃப்ரெட் முனைகள் கையைக் கீறினால் ஃப்ரெட்போர்டு மரம் சரியாகக் காயாமல் வந்திருக்கிறது. மரம் சுருங்கியது, உலோகம் அப்படியே நிற்கிறது. நுண்ணரத்தை 35 டிகிரி சாய்த்து முனைகளை மட்டும் எடுத்துவிட்டு, நாலு பூஜ்ய ஸ்டீல் உல்லால் தேயுங்கள். அதற்கு முன் பிக்கப்புகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். உல்லின் தூள் காந்தத்தில் ஏறிவிட்டால் டேப்பால் ஒற்றி ஒற்றி எடுப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.